கேட்கத் தெரியாதவரின் மனைவி

தையலக்காவை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலை. அவர் வந்தால் டாக்டர் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பொய் சொல்வதும் சம்பளத்தில் சேர்த்திதான். 'வலிக்காது' என்று தினமும் இருபது தடவையாவது சொல்கிறேன். அதனால் இது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பதைத் தொடும் வயது. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, தோளில் பெரிய துணிப்பை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் அதைக் கழற்றுவதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"டாக்டர் இல்லைங்க. வெளிய போயிருக்காரு," என்றேன்.

உள்ளேயிருந்து டாக்டர் யாரிடமோ "வாயை நல்லாத் தெறங்க" என்று சொல்வது எங்கள் இருவர் காதிலும் தெளிவாக விழுந்தது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. "சரிம்மா. வரும்போது வரட்டும். நான் உக்காந்திருக்கேன்," என்றார். ஜன்னலோரம் வெளிச்சம் விழும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சீருடைக் கால்சட்டையை எடுத்து அதன் ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவர் எங்கள் டாக்டரைத் தேடி வந்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய கணவரிடமிருந்து தொடங்க வேண்டும். கணவர் வீடு, கடை, கட்டடம் எல்லாவற்றுக்கும் தரகர். இடுப்பில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து கிடப்பதால் எல்லாருக்கும் அவர் சாவி அண்ணன். அந்தக் கொத்தில் எந்தச் சாவி எந்த வீட்டுடையது என்பதைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே சொல்லிவிடுவார். யாருக்கு எந்த வீடு ஒத்துவரும் என்பதும் அவருக்கு அப்படித்தான். மூட்டுவலிக்காரரை மாடிப்படி ஏற்ற மாட்டார். வீட்டைக் காட்டும்போதே அதன் குறையையும் சொல்லிவிடுவார். "மழை பெஞ்சா இந்த மூலையில ஒழுகும். இப்பவே சொல்லிடறேன்," என்பார். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர் முறைப்பதைக் கவனிக்கவே மாட்டார். ஆனாலும் வீடு போய்விடும். இவர் சொல்லாத குறை அந்த வீட்டில் இல்லை என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

எல்லாம் நன்றாக முடிந்து, சாவி கைமாறி, எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் அவருக்குச் சனி பிடிக்கும். 'என் கமிஷன்' என்ற இரண்டு சொல் தொண்டையைத் தாண்டி வராது. "அப்ப நான் வரட்டுமா," என்பார். "சரி அண்ணே, பாத்துப் போங்க," என்பார்கள். குடி வருகிறவர்கள் சாவியை வாங்குவதற்காகவாவது தங்கள் பங்கைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள்தான் அந்தக் கணமே அண்ணனுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒருவருக்கு அவர் தம்பி, இன்னொருவருக்கு மாப்பிள்ளை, வேறொருவருக்குக் கூடப்பிறக்காத அண்ணன். சொந்தத்துக்குள் காசு பேசினால் நன்றாகவா இருக்கும்?

போன வருஷம் ஒரு பழைய வீட்டைக் காட்டப் போனபோது, "இந்தப் படி ஆடும், பாத்து வாங்க," என்று பின்னால் வந்தவர்களை எச்சரித்துவிட்டு, அதே படியில் அண்ணன் தானே காலை வைத்தார். கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டு போட்டு, இரண்டு மாதம் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்றுவிட்டார்கள். அக்காவின் தையல் வரும்படி வாடகைக்கும் மருந்துக்குமே இழுபறியாக இருந்தது. ஒரே மகள் வேலைக்காக வெளியூரில் இருந்தாள். அவளிடம் கேட்கக் கூடாது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போனார்கள்.

எக்ஸ்ரே சீட்டைத் தேடி அண்ணனின் மேசை இழுப்பறையைத் திறந்தபோது மூன்று பழைய டைரிகள் அக்காவின் கையில் அகப்பட்டன. வீட்டு முகவரி, முடிந்த தேதி, வர வேண்டிய தொகை. பதினோரு இடங்களில் தொகைக்கு எதிரே ஒரே சொல் எழுதியிருந்தது: 'பிறகு.'

"என்னங்க இது, பிறகு பிறகுன்னு?"

"பிறகு வாங்கிக்கலாம்னு."

"இது ஏழு வருஷத்துக்கு முந்தி எழுதின பிறகு."

"ஆமா, அவரு பாவம், அப்பத்தான் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருந்தாரு."

"அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க. போன மாசம் நான்தான் ரெண்டுக்கும் யூனிபார்ம் தச்சுக் குடுத்தேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எல்லாம் நம்ம ஆளுங்கம்மா. போய்க் கேட்டா, அப்புறம் அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"நீங்க முழிக்க வேணாம். நான் முழிக்கிறேன்."

முதலில் போனது அந்த ஏழு வருஷத்துக்காரரிடம். மர வியாபாரி, பெரிய வீடு. அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் எனக்கு மாப்பிள்ளை மாதிரிம்மா. எங்களுக்குள்ள என்ன கமிஷன்?" என்றார். அக்கா எழுந்து வாசல் வரை வந்துவிட்டார். செருப்பை மாட்டும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. திரும்ப உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவரு உங்களுக்கு மாப்பிள்ளைன்னா நான் பொண்ணு. பொறந்த வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்ப்பா," என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து தைக்க ஆரம்பித்தார்.

வியாபாரி முதலில் சிரித்தார். பிறகு பேப்பர் படித்தார். பிறகு கடைக்குக் கிளம்புவதாகச் சொன்னார். "போயிட்டு வாங்கப்பா, நான் அம்மாவோட பேசிட்டிருக்கேன்," என்றார் அக்கா. மத்தியானத்துக்குள் வியாபாரியின் மனைவியே அலமாரியைத் திறந்து பணத்தை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதோடு, "அப்பப்ப வாம்மா," என்று சொல்லியும் அனுப்பினாராம்.

அடுத்தது தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. "சாவி எனக்குத் தம்பி மாதிரி," என்று அவர் ஆரம்பித்ததுமே, "அப்ப நீங்க எனக்கு நாத்தனார்," என்று அக்கா செருப்பைக் கழற்றிவிட்டார். அந்த வீட்டுத் திரைச்சீலைகள் நாலு விரற்கடை நீளம் அதிகமாகத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஏணியைக் கேட்டு வாங்கித் தானே இறக்கி, மடித்துத் தைத்தார். இரண்டாவது திரை முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. தையல் கூலியும் சேர்த்து வந்தது. கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "நாத்தனார் வீட்டுல வேலை செஞ்சா கூலி வாங்குவாங்களா?"

இப்படி மூன்று வாரத்தில் பதினொன்றில் ஏழு வந்துவிட்டது. ஓரிடத்திலும் அவர் குரலை உயர்த்தவில்லை. ஏன் என்று பிற்பாடு ஒருநாள் நான் கேட்டேன்.

"சண்டை போட்டா அவங்களுக்குச் சௌகரியமாப் போயிடும்டி," என்றார். "மரியாதை இல்லாமப் பேசிட்டான்னு சொல்லிக் கதவைச் சாத்திக்கலாம். சும்மா உக்காந்திருக்கறவளை என்ன பண்றது?"

எங்கள் டாக்டர்தான் பட்டியலில் பெரிய புள்ளி. மருத்துவமனை முன்பு இருந்த பழைய கட்டடத்தை அண்ணன் மூலமாக ஒரு மருந்துக்கடைக்காரருக்கு விற்றிருந்தார். விற்ற விலையில் நூற்றுக்கு ஒன்று கமிஷன் என்று பேச்சு. அது வந்தால் அவர்களுக்கு ஏழெட்டு மாதத்துக்குக் கவலையில்லை. விற்று ஐந்து மாதமாகியும் ஒரு காசு வரவில்லை. அக்கா போனில் கூப்பிட்டுப் பார்த்தார். டாக்டர் பிடி கொடுக்கவில்லை. நேரில் வருவதாகச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு அந்த உத்தரவு.

டாக்டர் கெட்டவர் இல்லை. கடைவாய்ப்பல்லைக் கண் இமைக்காமல் பிடுங்குகிறவர், மனிதர்களை நேருக்கு நேர் பார்த்து ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். இரண்டாம் நாள் பின்வாசலைப் பூட்டி வைத்திருந்ததால் முன்பக்கம் வந்து மாட்டிக்கொண்டார்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்றார்.

"கால்ல கட்டோட இருக்காரு."

"அவரு எனக்குக் கூடப்பிறக்காத அண்ணனுங்க."

"தெரியும். அதான் அண்ணி வந்திருக்கேன்."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "பணம் இன்னும் முழுசா வரலை அண்ணி. வந்ததும் நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

"ஏன் வரலை?"

"அது கொஞ்சம்... அண்ணனையே கேட்டுப் பாருங்களேன்," என்று மென்று விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா அன்றைக்கு அண்ணனைக் கேட்டார். அண்ணன், "டாக்டர் நல்ல மனுஷன், குடுப்பாரு," என்று மட்டும் சொன்னார். எனவே மூன்றாம் நாளும் அக்கா வந்தார்.

அதற்குள் காத்திருக்கும் அறையே அவருடையது மாதிரி ஆகிவிட்டது. வந்தவர் ஒருவரின் சட்டைப் பித்தானைத் தைத்துக் கொடுத்தார். என் கைப்பையின் அறுந்த வாரை ஒட்டுப் போட்டார். பல்லை ராவும் சத்தத்துக்கே நடுங்கும் ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் கூட உள்ள வாங்களேன்," என்றாள். அக்கா எழுந்து போய்விட்டார். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் திறந்த வாய்க்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் அக்கா. டாக்டர் நிமிராமலே பல்லை அடைத்து முடித்தார். "கை நடுங்குது தம்பி, பாத்து," என்று அக்கா நடுவில் ஒரு தடவை சொன்னது எனக்கு வெளியே கேட்டது.

நாலாம் நாள் டிரம்பெட்காரர் வந்தார்.

அறுபது வயதிருக்கும். பளபளவென்று தேய்த்த கறுப்பு ஷூ, படிய வாரிய தலை, கையில் ஒரு பெட்டி. பாண்டு செட்டில் வாசிக்கிறவர். எங்கள் டாக்டரிடம் அடிக்கடி வருவார். காசு வாங்க மாட்டார் டாக்டர். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பல்வலிங்களா?" என்று கேட்டார் அக்கா.

"வலியில்ல தங்கச்சி. முன்பல்லு லேசா ஆடுது. இது போச்சுன்னா என் பொழப்பு போச்சு." பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ஊதறதுக்கு உதட்டுக்குப் பின்னால பல்லு நிக்கணும்."

அக்கா சிரித்தார். டிரம்பெட்காரருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. டாக்டரின் பழைய கட்டடத்து மாடியில் பதினாறு வருஷமாகக் குடியிருப்பதாகச் சொன்னார். கீழே டாக்டரின் மிஷின் ஓட, மேலே இவர் ஊத, மிஷின் சத்தம் கேட்காததால் நோயாளிகளுக்குப் பாதி பயம் போய்விடும் என்று டாக்டரே சொல்வாராம்.

"அந்தக் கட்டடத்தைத்தான் வித்தாச்சே?" என்றார் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி.

"வித்தாச்சு. ஆனா நான் காலி பண்ணாத்தான் கடைசித் தவணை தருவேன்னு வாங்கினவரு சொல்லிட்டாரு. பாவம் டாக்டர், என்னாலதான் அவருக்குப் பணம் நிக்குது. நானும் தேடாத எடமில்ல. டிரம்பெட்னு சொன்னாலே கதவைச் சாத்தறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு தங்கச்சி, எனக்கு பயமில்ல. சாவித் தம்பின்னு ஒருத்தரு. வித்த அன்னைக்கே என்கிட்ட வந்து, உங்களுக்கு ஒரு எடம் பாத்து வைக்காம உங்களை யாரும் எழுப்ப விடமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டாரு, அது முடியற வரைக்கும் எனக்குக் கமிஷன் வேணாம்னு. பாவம், இப்ப காலை ஒடச்சுக்கிட்டுக் கெடக்காரு."

அக்காவின் ஊசி துணியில் குத்தியபடியே நின்றது.

"வீட்டுல சொல்லிடாதீங்க, எனக்கு நல்லாத் திட்டு விழும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டாராம்," என்று சொல்லிச் சிரித்தார் டிரம்பெட்காரர். அப்போது நான் அவரை உள்ளே கூப்பிட்டேன்.

அக்கா தான் யாரென்று அவரிடம் சொல்லவேயில்லை. தைத்துக்கொண்டிருந்ததை மடித்துப் பையில் வைத்தார். மேசைக்கு வந்து, "நாளைக்கு நான் வரமாட்டேன்னு உங்க டாக்டர்கிட்ட சொல்லு. அதுக்காக சந்தோஷப்பட வேணாம்னும் சொல்லு," என்றார்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை அக்காவும் அண்ணனும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் கதையிலும் தான்தான் அதிகம் பொறுத்துப்போனதாக இருக்கும். அவர்கள் வீடு ஒரே ஒரு பெரிய அறை. தையல் மிஷினுக்கு எதிரே அண்ணன் காலை முக்காலியில் நீட்டிப் போட்டிருந்தார். காலுக்கு அடியில் வெட்டுத் துணிகளை அடைத்து அக்கா தைத்த திண்டு.

"டிரம்பெட்காரரைப் பாத்தேன்," என்றார் அக்கா.

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். "பல்லு எப்படி இருக்காம்?"

"அவரு பல்லு இருக்கும். எனக்குத்தான் உங்களோட பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேஞ்சு போச்சு. ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ திட்டுவ."

"இப்ப மட்டும் கொஞ்சப் போறேனா?"

அண்ணன் கட்டுப்போட்ட காலைத் திண்டில் நகர்த்தி வைத்தார். "கட்டடத்தைக் காலியா ஒப்படைக்கறதும் சேர்ந்துதாம்மா வேலை. அது முடியலை. பாதி வேலைக்கு எப்படிக் கூலி கேக்கறது?"

"மத்த பத்துப் பேருக்கு முழு வேலை செஞ்சீங்க. அதுக்கும்தான் கேக்கலை."

"அது வேற."

"என்ன வேற?"

"அங்க எனக்கு வாய் வரலை. இங்க எனக்கு மனசு வரலை."

அண்ணன் மேலே பேசினார். தொழிலுக்கு வந்து முதன்முதலாக அவர் குடிவைத்தது டிரம்பெட்காரரைத்தான். கமிஷன் எவ்வளவு என்று சொல்லக்கூட அன்றைக்கு அவருக்குத் தெரியாது. டிரம்பெட்காரர் தானே நாலு இடத்தில் விசாரித்து, சரியான தொகையை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "அந்தக் காசுலதான் உன் மிஷினுக்கு முன்பணம் கட்டினேன்," என்றார் அண்ணன்.

அக்கா மிஷினைப் பார்த்தார். பதினாறு வருஷமாக அதில் தைக்கிறார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார்.

மறுநாளிலிருந்து அக்காவே வீடு தேடக் கிளம்பினார். அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து முகவரிகளைச் சொன்னார். வசூலைவிட இது கஷ்டமாக இருந்தது. "குடும்பம் இருக்கா?" என்று கேட்டார் ஒரு வீட்டுக்காரர். "இல்லைங்க, டிரம்பெட் இருக்கு," என்றார் அக்கா. கதவு மூடிக்கொண்டது. இன்னொரு அம்மா யோசித்துவிட்டு, சத்தம் வராமல் வாசிப்பாரா என்று கேட்டார். ஐந்து வீடு ஏறி இறங்கியாயிற்று. மருந்துக்கடைக்காரர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

வசூல் பட்டியலில் அக்காவிடம் மசியாத ஆள் ஒருவர் மிச்சம் இருந்தார். பட்டறைத் தெருவில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் அம்மா. அவருடைய கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு வெல்டிங் பட்டறைகளை அண்ணன்தான் குடிவைத்திருந்தார். இரண்டு கமிஷனும் பாக்கி. முதல் தடவை அக்கா போனபோது, "நான் யாரையும் தம்பி தங்கச்சின்னு கொஞ்சறதில்ல. இருந்தா குடுக்க மாட்டேனா? மாடி ரெண்டு ரூமும் மூணு வருஷமாக் காலியாக் கெடக்கு. இந்தச் சத்தத்துல எவன் வருவான்?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டார். சொந்தம் கொண்டாடாத ஆளிடம் என்ன முறை சொல்லி உட்காருவது என்று தெரியாமல் அக்காவும் திரும்பி வந்திருந்தார்.

அந்த மாடியைப் பற்றி இப்போது அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணன் சாவிக்கொத்தைத் தடவ ஆரம்பித்தார். "பட்டறையெல்லாம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. அதுக்கப்புறம் அந்தத் தெருவுல ஒரு குடித்தனம் கிடையாது. இவரு விடியற வரைக்கும் ஊதினாலும் கேக்க ஆளில்ல," என்றார். கொத்திலிருந்து ஒரு சிறிய சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

டிரம்பெட்காரரை அழைத்துக்கொண்டு அக்கா அங்கே போனது நடுப்பகலில். கீழே இரும்பு வெட்டும் மிஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. இரும்புக்கடை அம்மா தராசு முன்னால் நின்றபடியே விஷயத்தைக் கேட்டார். "சரி, ஊதிக் காட்டச் சொல்லு," என்றார்.

டிரம்பெட்காரர் பெட்டியைத் திறந்து, உதட்டை நனைத்துக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று வாசித்தார். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அந்தத் தெருவில் பகல் வேளையில் மிஷின் சத்தம் நின்றது அன்றைக்குத்தான் என்று ஒரு வெல்டர் சொன்னாராம். வாசித்து முடித்ததும் இரும்புக்கடை அம்மா தராசுத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"இவ்வளவுதானா சத்தம்? இதுக்கா ஊரே கதவைச் சாத்துச்சு?"

வாடகை படிந்தது. மூன்று மாத முன்பணம் என்றபோதுதான் டிரம்பெட்காரர் முகம் வாடியது. இந்த மாதம் இரண்டே கல்யாணம்தான் வந்தது என்றார்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நீங்க எங்களுக்கு ரெண்டு கமிஷன் தரணும்," என்றார் இரும்புக்கடை அம்மாவிடம்.

"இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே."

"தர வேணாம். அதையே இவரோட முன்பணமா நீங்க வச்சுக்குங்க. எங்க பேருக்கு ரசீது மட்டும் எழுதிக் குடுங்க. அதுல கொஞ்சம் மிச்சம் விழும். அந்த மிச்சத்துக்கு மாடியில ஒழுகற குழாயை மாத்திக் குடுத்துடுங்க."

இரும்புக்கடை அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு காசு கை மாறாம என்கிட்ட வசூல் பண்ணிட்ட," என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

விஷயத்தைக் கேட்ட அண்ணன், "கமிஷனை விட்டுட்டா வந்த?" என்று ஆச்சரியப்பட்டார்.

"விடலை. எடத்தை மாத்தி வச்சிருக்கேன். கல்யாணம் வர வர அவரு எனக்குக் கட்டிடுவாரு."

"அவருகிட்ட எப்படிம்மா கேப்ப?"

"அவரை யாரு கேக்கணும்? அவருதான் தானாக் குடுக்கற ஆளாச்சே."

அண்ணன் சிரித்த சிரிப்பில் கால் முக்காலியில் இடித்து, ஒரு மணி நேரம் வலித்ததாம்.

டிரம்பெட்காரர் அந்த வாரமே குடிபோனார். மருந்துக்கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் கடைசித் தவணையைக் கட்டினார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணிக்குப் போன் போடு," என்றார். அக்கா வந்தார். உள்ளே போய்க் கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். எழுந்து உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

"தம்பி, இதுல முக்காவாசிதான் இருக்கு."

"சில்லறை இல்லாம ஒரு ரவுண்டுத் தொகையா இருக்கட்டுமேன்னுதான் அண்ணி..."

"நீங்க என்னைக்காவது முக்காப் பல்லு புடுங்கியிருக்கீங்களா?"

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டாக்டர் மேசையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றது அக்காவின் குரல். "அவரு வேணாம்னு சொன்னது அவரு பெருந்தன்மை. ஆனா மொதல் தவணை வந்தப்பவே அதுக்கு உண்டானதை நீங்க குடுத்திருக்கலாம். அவரு கால் ஒடஞ்சு கெடக்கறது தெரிஞ்சும் குடுக்கலை. அந்தக் காசுலதான் இந்தப் புது நாற்காலி வந்திருக்கு."

"தப்புதான் அண்ணி," என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா அதற்கு மேல் அதைக் கிளறவில்லை. போகும்போது, "கட்டுப் பிரிச்சதும் அவரைக் கூட்டிட்டு வர்றேன், பல்லைப் பாருங்க. காசு குடுத்துடுவேன்," என்று மட்டும் சொன்னார்.

இந்தக் கதை பரவியதும் மற்றத் தரகர்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். வசூலித்துக் கொடுத்தால் பங்கு தருவதாகச் சொன்னார்கள். ஒருவருக்காகப் போனார். அந்த வீட்டுக்காரர், வாடகை கொடுக்காமல் ஓடும் ஆட்கள் என்று தெரிந்தே தன் தலையில் கட்டிவிட்டதாகத் தரகர் மேல் குறை சொன்னார். அக்கா விசாரித்தார். உண்மைதான். திரும்ப அந்த வீட்டுக்குப் போய், "நீங்க குடுக்க வேணாங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தத் தரகரும் அந்தப் பக்கம் வரவில்லை.

பட்டியலில் கடைசி இரண்டும் வரவேயில்லை. ஒருவர் இறந்துபோயிருந்தார். இன்னொருவர் ஊரைவிட்டே போய்விட்டார். அண்ணன் டைரியில் ஊரைவிட்டுப் போனவர் பெயரை அடித்தார். இறந்தவர் பெயரைக் கோடு போட்டு அடிக்க மனமில்லாமல் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தார் என்று அக்கா சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது அண்ணன் வீடு காட்டுவார். சாவி கைமாறும் நாளில் அக்கா கூடப் போவார். அக்கா கமிஷன் பேசும் அந்த ஐந்து நிமிடமும் அண்ணன் தெருவில் நின்று எதிர் வீட்டுச் சுவரை ஆராய்ந்துகொண்டிருப்பார். என் அப்பா விட்டுப்போன சின்ன வீட்டுக்கும் அவர்தான் ஆள் பார்த்துக் கொடுத்தார். அக்கா வருவதற்கு முன்பே நான் கவரை நீட்டியபோது, வாங்கிக்கொள்ளக் கைவராமல், "இருக்கட்டும், அவ வந்துடட்டும்," என்றார்.

மெயின் ரோட்டை ஒட்டி ஓர் அறை எடுத்து, ஒரு பக்கம் தையல் மிஷினும் மறுபக்கம் சாவிப் பலகையுமாக இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு பாவாடையை இறக்கித் தைக்கக் கொடுக்கப் போனேன். ஒரு புதுத் தம்பதி வீடு வாங்க வந்திருந்தார்கள். விலையெல்லாம் படிந்துவிட்டது போலிருந்தது. அண்ணன் நிதானமாக, "பின்னால சாக்கடை வருஷத்துக்கு ரெண்டு தடவை அடைச்சுக்கும், இப்பவே சொல்லிடறேன்," என்றார். அக்கா மிஷினை நிறுத்தினார்.

"இதை இப்பத்தான் சொல்லணுமா?"

"இப்ப சொல்லாம எப்ப சொல்றது?"

"சரி, சொல்லிட்டீங்க. சுத்தம் பண்ண எவ்வளவு ஆகும்னு அதையும் சொல்லுங்க," என்று அக்கா நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர்கள் அந்த வீட்டை வாங்கினார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கிளம்பும்போது நாலு பேரும் ஒரு தாளில் சாக்கடை எங்கே வளைகிறது என்று கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.